குன்னூர்ல பழைய வீட்டை புதுப்பிச்சு வாடகைக்கு விட்டா வரில ஏதாச்சும் கழியுமா?

கேள்வி: குன்னூர் பெட்ஃபோர்ட் பக்கம் அப்பா 1978ல கிரயம் வாங்கின ஓட்டு வீடு. உயில் எழுதாம தவறிட்டாரு, பட்டா இப்ப அம்மா பேர்ல. நான் கோவைல வேலை பாக்கறேன், தங்கச்சி கல்யாணமாகி ஈரோட்ல. 18 லட்சம் லோன் போட்டு மூணு போர்ஷனா மாத்தி வாடகைக்கு விடலாம்னு பிளான். பழைய கட்டடத்தை புதுப்பிச்சா செலவுல 20 சதவீதம் வரில கழியும்னு அமெரிக்கால இருக்கற மச்சான் சொல்றாரு. இங்கயும் உண்டா?

பதில்: மச்சான் சொல்றது பொய்யில்லங்க, ஆனா அது அந்த ஊரு சட்டம். அங்கயும் பழசா இருந்தா மட்டும் போதாது, வரலாற்றுக் கட்டடம்னு அவங்க தேசியப் பூங்கா துறை சான்று குடுக்கணும், வருமானம் வர்ற கட்டடமா இருக்கணும், அந்த 20 சதவீதத்தையும் இப்ப அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சுதான் கழிக்க விடறாங்க. நம்ம வருமான வரில கட்டடத்தோட வயசுக்குனு ஒரு சலுகையும் கிடையாது. வாடகை வீட்டுத் திட்டங்களுக்கு பழைய வருமான வரிச் சட்டத்துல 80-ஐபிஏனு ஒரு பிரிவு இருந்துச்சு, அதுவும் 2022 மார்ச்சுக்குள்ள அரசு அறிவிச்ச திட்டங்களுக்குத்தான்.

சரி, நமக்கு என்னதான் இருக்கு? வாடகைல நகராட்சி வரி கட்டினதைக் கழிச்சுட்டு மிச்சத்துல 30 சதவீதம் பில்லே கேக்காம தள்ளுபடி. அப்புறம் லோன் வட்டி, ரிப்பேருக்கு வாங்கின லோனா இருந்தாலும் சரி. மூணு போர்ஷன், ஆளுக்கு 9,000னா வருஷத்துக்கு 3,24,000. வீட்டு வரி 6,000 போனா 3,18,000, அதுல 30 சதவீதம் 95,400 போனா 2,22,600, வட்டி ஒரு 1,62,000னு வெச்சா மிஞ்சறது 60,600தான். புது வரி முறைலயும் இந்தக் கணக்கு இப்படியே நிக்கும், வட்டி வாடகையைத் தாண்டினா மட்டும் அந்த நஷ்டத்தை சம்பளத்துல கழிக்க முடியாது. 2026 ஏப்ரல் 1ல இருந்து புது வருமான வரிச் சட்டமே வந்து செக்‌ஷன் நம்பரெல்லாம் மாறிட்டதால நம்பர் சொல்லி உங்களைக் குழப்பல.

ஆனா நீங்க கேக்காம விட்ட கேள்விதான் முக்கியம். இந்தக் கழிவெல்லாம் யாருக்கு? வீட்டு ஓனருக்கு. பட்டா அம்மா பேருக்கு மாறிட்டா வீடே அம்மாவோடதுனு ஆயிடாதுங்க, இதை வாரத்துக்கு நாலு பேருக்காவது சொல்லிட்டிருக்கேன். அப்பா சொந்தமா வாங்கினது, உயில் இல்ல, நீங்க இந்துக் குடும்பம்னா 1956 வாரிசுச் சட்டப்படி அம்மா, நீங்க, தங்கச்சி மூணு பேருக்கும் சமபங்கு (பாட்டி அப்பாவுக்கு அப்புறமும் உயிரோட இருந்திருந்தா அவங்களுக்கும் ஒரு பங்கு உண்டு, அதைப் பாத்துக்கங்க). வாடகை முழுசும் உங்க அக்கவுண்ட்டுக்கு வந்தாலும் மூணுல ஒரு பங்குதான் உங்க வருமானம். லோனை நீங்க ஒருத்தரே போட்டு மொத்த வட்டியையும் உங்க கணக்குல காட்டினா நோட்டீஸை வீட்டுக்கு வரவழைச்ச மாதிரி.

அதனால முதல்ல வாரிசுச் சான்றிதழ் வாங்கி தங்கச்சிகிட்ட உக்காந்து பேசுங்க. அவங்களும் சேந்தா லோனை மூணு பேர் பேர்லயும் போடுங்க. வேண்டாம்னாங்கன்னா அவங்க பங்கை உங்களுக்கு விட்டுக்குடுக்கற விடுதலைப் பத்திரம் பதிவு பண்ணுங்க, குடும்பத்துக்குள்ளங்கறதால முத்திரைத்தாள் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000, பதிவுக்கட்டணம் அதிகபட்சம் 10,000. அம்மா பங்கையும் சேத்து எழுதி வாங்கிடலாமானு யாராச்சும் ஐடியா குடுப்பாங்க, என்கிட்ட கேட்டா வேண்டாம்பேன். வேற வருமானம் இல்லாத அம்மாவுக்கு அந்தப் பங்கு வாடகைல எப்படியும் வரி வராது, அப்புறம் எதுக்கு அவங்களை சொந்த வீட்லயே விருந்தாளி ஆக்கணும்.

சீசனுக்கு ஹோம்ஸ்டேயா விடலாம்னு ஆசை வந்தா அது வேற கதை, மாச வாடகை வீட்டுக்கு இல்லாத ஜிஎஸ்டி பேச்செல்லாம் அங்க வரும். உள்சுவர் இடிக்கறதுக்கு முன்னாடி நகராட்சி அனுமதி வாங்குங்க, பின்பக்கச் சரிவுல மண் வெட்ட ஜேசிபி கூப்பிடணும்னா கலெக்டர் அனுமதி வேணும். குடியிருக்க வர்றவங்களோட எழுத்துல ஒப்பந்தம் போட்டு தமிழ்நாட்டு 2017 வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரிகிட்ட பதியணும்.

30 சதவீதத்துக்கு பில்லு வேண்டாம்தான், ஆனா கூரை மாத்தினது, பாத்ரூம் கட்டினதுக்கெல்லாம் பில்லு இருந்தா நாளைக்கு விக்கறப்ப வீட்டோட அடக்க விலைல சேக்கலாம். குன்னூர் ஈரத்துல அந்த பில்லு ரெண்டு மழைக்காலம் தாங்காது, வாங்கின அன்னைக்கே போட்டோ எடுத்து வெச்சுக்கங்க.