நடுவில் வருகிறது, ஓரத்தில் வரவில்லை: மோட்டார் டிஷ்

மோட்டாரால் திரும்பிப் பல செயற்கைக்கோள்களைப் பிடிக்கும் உங்கள் டிஷ், காரைக்குடியில் 78.5 பாகை கிழக்கில் உள்ள செயற்கைக்கோளை நன்றாக எடுக்கிறது, ஓரத்தில் உள்ள 68.5-உம் 105.5-உம் எடுக்கவில்லை என்கிறீர்கள். எல்என்பி-யை (டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் கருவி) குறை சொல்லாதீர்கள். ரசமட்டம் வைத்துக் கம்பம் செங்குத்தா என்று பாருங்கள். ஓட்டுக்கூரைச் சட்டத்தில் கட்டியிருந்தால் மொட்டை மாடிக்கு மாற்றிவிடுங்கள். யுசால்ஸில் (ஊர் இருக்கும் இடத்தை வைத்து மோட்டார் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று ரிசீவரே கணக்கிடும் வசதி) உங்கள் ஊருக்கு 78.8 கிழக்கு, 10.1 வடக்கு என்று கொடுங்கள். மோட்டாரின் அட்சரேகை அளவுகோலில் 10 வையுங்கள்; டிஷ்ஷைத் தாங்கும் மோட்டார் குழாயின் வளைவு 30 பாகையென்றால் டிஷ்ஷின் ஏற்ற (மேல்நோக்கிய சாய்வு) அளவுகோலில் 28.2.

நம்ம பக்கம் டிஷ் ஏறக்குறைய வானத்தை அண்ணாந்து பார்க்கும் (78 பாகை). அதனால் மேலே கீழே என்று பார்க்காமல் வடக்கு தெற்காகச் சோதியுங்கள். 105.5-இல் டிஷ்ஷின் விளிம்பைக் கையால் தெற்கே சாய்த்தாலும், 68.5-இல் வடக்கே சாய்த்தாலும் சிக்னல் ஏறுகிறதா? அப்படியென்றால் மோட்டார் கிழக்கே திரும்பியிருக்கிறது. அதைக் கம்பத்தில் அரைப் பாகை அரைப் பாகையாக மேற்கே திருப்புங்கள். எதிர்மாறாக ஏறினால் கிழக்கே. இரண்டும் ஒரே திசையில் ஏறினால் கோளாறு ஏற்றத்தில்தான், மோட்டாரைக் கம்பத்தில் திருப்பாதீர்கள்.