மேய்ச்சல் காடு வெறும் தரையாகிவிட்டதா? கரணை வாங்காதீர்கள்

கேள்வி: மதுரை மாவட்டம் எழுமலை பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் செம்மண் மானாவாரிக் காடு இருக்கிறது. விதைப்பை விட்டு ஆறேழு வருடமாகிறது. 35 செம்மறிகள் அதில்தான் மேய்கின்றன. இப்போது ஆவாரையும் எருக்கும்தான் மிச்சம். ஓரத்தில் சீமைக்கருவேல் ஏறி வருகிறது. ஏக்கருக்கு 16,000 சூப்பர் நேப்பியர் தீவனப்புல் கரணை (நடுகிற தண்டுத் துண்டு) நட்டால் தீவனக் கவலையே இருக்காது, கரணை இரண்டு ரூபாய் என்கிறார் ஓர் ஏஜெண்ட். பக்கத்திலுள்ள மேய்க்கால் புறம்போக்கையும் குத்தகைக்கு வாங்கித் தருவாராம். செய்யலாமா?

பதில்: வேண்டாம். நாலு ஏக்கருக்கு 64,000 கரணை, 1,28,000 ரூபாய். அந்தப் பணத்தில் பாதிக்குப் பாதி மாசி, பங்குனியில் காய்ந்த குச்சியாக நிற்கும்.

கோ 4, கோ 5, சூப்பர் என்று எந்தப் பெயரில் வந்தாலும் நேப்பியர் தண்ணீர் பாய்ச்சி, அறுத்துக் கொண்டுபோய்ப் போடுகிற தீவனம். ஆட்டை உள்ளே விட்டு மேய்க்கிற புல் இல்லை. மதுரை மாவட்டத்தில் வருடத்துக்கு 850 மில்லிமீட்டர் அளவில் மழை. அதில் பாதிக்குப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிக் கொட்டிவிட்டுப் போய்விடும். அதை நம்பி நேப்பியர் நடுகிறவர் யாரும் இல்லை, விற்கிறவர்தான் இருக்கிறார்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. சித்திரையிலும் உங்கள் கிணற்றில் தண்ணீர் நின்றால், வாய்க்கால் ஓரமாக ஐந்து சென்ட் நடுங்கள். 60-க்கு 50 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் 675 கரணை போதும். அதையும் விலைக்கு வாங்க வேண்டாம். பால்மாடு வைத்திருக்கும் யாரிடமாவது முற்றிய தட்டை கேட்டு வாங்கி, இரண்டு கணு வருகிற மாதிரி வெட்டி நடுங்கள். இரண்டரை மாதத்தில் முதல் அறுப்பு, அப்புறம் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை. அந்தப் பயிரிலிருந்தே அடுத்த ஐந்து சென்ட்டுக்குக் கரணை கிடைக்கும். ஈன்ற ஆட்டுக்கும் குட்டிக்கும் அது உதவும். 35 ஆட்டையும் அதிலேயே தள்ளிவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

இனி உங்கள் காட்டுக்கு வருவோம். அதற்குத் தேவை ஓய்வு. செம்மறி தரையோடு தரையாகக் கடிக்கும். மழைக்குப் பின் துளிர்க்கிற நல்ல புல்லை அது முதலில் தேடித் தின்னும். எருக்கையும் ஆவாரையையும் தொடாது. ஆறு வருடம் இப்படியே போனால் நல்ல புல்லின் வேர் செத்து, ஆடு ஒதுக்கியதுதான் பெருகும்.

முதலில் ஒரு சோதனை. மழை தொடங்கும் முன் நாலைந்து இடங்களில் முள் வெட்டிப்போட்டு மூடி வையுங்கள். ஒவ்வொன்றும் ஒரு கட்டில் அளவு இருந்தால் போதும். நல்ல மழை பெய்து ஒரு மாதம் கழித்து முள்ளை விலக்கிப் பாருங்கள். அடியில் புல் வந்திருந்தால் மண்ணில் விதை இருக்கிறது, ஒரு பைசா செலவு வேண்டாம். காட்டை நாலாகப் பிரித்து, ஒரு பங்கை முதல் மழையிலிருந்து தை வரை, அதாவது புல் கதிர்விட்டு விதை உதிரும்வரை, அடைத்து வையுங்கள். அடுத்த வருடம் அடுத்த பங்கு. மற்ற பங்குகளிலும் புல் நாலு விரல் உயரத்துக்குக் கீழே போகும் முன் ஆட்டை மாற்றிவிட வேண்டும்.

முள்ளுக்கடியிலும் ஒன்றும் வராத இடத்தில் மட்டும் விதையுங்கள். செம்மண்ணுக்குக் கொழுக்கட்டைப் புல் ஏற்றது. ஏக்கருக்கு மூன்று கிலோ விதை போதும். அறுத்த கையோடு விற்கிற புது விதை சரியாக முளைக்காது, சில மாதம் உறங்கும். விதை பஞ்சு போலப் பறக்கும் என்பதால் மணலோடு கலந்து, லேசாகக் கீறிய மண்ணில் மேலாகத் தூவுங்கள். நாலில் ஒரு வரிசை முயல் மசால் என்ற பயறுவகைத் தீவனச் செடி போடலாம். அதன் விதைத்தோல் கல் மாதிரி இருக்கும். கொதி அடங்கிய வெந்நீரில், சுமார் 80 டிகிரி, நாலு நிமிடம் போட்டெடுத்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிறகு விதையுங்கள். முதல் வருடம் நோஞ்சானாகத்தான் தெரியும். ஏமாந்துவிட்டோம் என்று உழுதுவிடாதீர்கள்.

சீமைக்கருவேல் விஷயத்தில் இன்னொரு ஆள் வருவார், கரிமூட்டக் காண்டிராக்டர். 'சும்மாவே வெட்டிச் சுத்தம் செய்து தருகிறேன்' என்பார். அவருக்கு வேண்டியது தண்டு. தரைக்கு மேலே வெட்டிக்கொண்டு போவார். கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்த்துப் புதராகும். வேரோடு தோண்டுவதை எழுத்தில் வாங்கிக்கொண்டு இடத்தை விடுங்கள். ஒருகாலத்தில் விறகுக்கு என்று அரசே பரப்பிய மரம், பிறகு பிடுங்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டி வந்தது. நடுவில் காடு இழந்தது உங்களைப் போன்றவர்கள். அதன் நெற்றைத் தின்ற ஆட்டின் புழுக்கையில் விதை சாகாமல் வந்து முளைக்கும். நெற்று உதிர்கிற காலத்தில் ஆட்டை அந்த மரத்தடியில் விட்டுவிட்டு, இரவில் ஓய்வு விட்ட பங்கில் கிடை போடாதீர்கள்.

எத்தனை ஆடு தாங்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். தையில் அடைத்து வைத்த பங்கைத் திறக்கும் முன், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரமாகப் புல்லை அறுத்துக் காயவைத்து எடை போடுங்கள். 200 கிராம் வந்தால் ஏக்கருக்கு 800 கிலோ. பாதியைச் செடி பிழைக்க விட்டுவிட வேண்டும். மீதி 400 கிலோ. முப்பது கிலோ ஆட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ உலர் தீவனம் வேண்டும். ஆக ஏக்கருக்கு வருடம் முழுக்க ஓர் ஆடு, நாலு ஏக்கருக்கு நாலு. மீதி 31 ஆடும் அறுத்த காட்டிலும் கண்மாயிலும் கடலைக்கொடியிலும் சோளத்தட்டையிலும்தான் வாழ வேண்டும். முடியாதென்றால் கிடாக்குட்டிகளைக் கோடைக்கு முன்பே விற்றுவிடுங்கள். மெலிந்தபின் வியாபாரி சொல்வதுதான் விலை.

ஓய்வு விட்ட பங்கைத் திறக்கும்போது வெறும் வயிற்றோடு ஆட்டை உள்ளே அவிழ்த்துவிடாதீர்கள். தட்டை போட்டுவிட்டு, முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு மெல்லக் கூட்டுங்கள். பசும்புல்லைத் திடீரென்று வயிறு முட்ட மேய்ந்தால் துள்ளுமாரி, அதாவது குடலில் நஞ்சேறும் நோய், அடிக்கும், அதுவும் கொழுத்த குட்டியைத்தான் முதலில் எடுக்கும். மழைக்கு முன்பே கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். மருந்து வரவில்லை என்பார்கள். வரும்வரை போய்க் கேளுங்கள்.

கடைசியாகப் புறம்போக்கு. மேய்க்கால் புறம்போக்கு ஊருக்குப் பொதுவானது. உங்கள் ஆட்டுக்கு அங்கே மேய உரிமை உண்டு. அதை உங்களுக்கென்று எழுதித்தர அந்த ஏஜெண்டுக்கு எந்த அதிகாரமும் இல்லை. ஊர்ப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்ற 2011-இல் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் வருவாய்த்துறையில் கேட்டால் ஊராட்சியைக் கை காட்டுவார்கள், ஊராட்சியில் கேட்டால் வருவாய்த்துறையை. புரோக்கர் அந்தச் சந்தில்தான் பிழைக்கிறார். முன்பணம் கொடுக்கும் முன் சர்வே எண்ணைக் கேளுங்கள். அரசின் நில ஆவண இணையதளத்தில் 'அ பதிவேடு' பகுதியில் அந்த எண்ணைப் போட்டால் நிலம் என்ன வகை என்று காட்டும். அதற்குக் கட்டணம் இல்லை.