திமிங்கலம் பார்க்கப் படகு டிக்கெட்: கட்டும் முன்பும் கட்டிய பின்பும்

கோடை விடுமுறை நெருங்குகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதி கடல் பயணம் பற்றியவை. அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: புதுச்சேரியில் காலை 6 மணிக்குக் கிளம்பி மாலை 4 மணிக்குத் திரும்பும் ஒருநாள் படகுப் பயணம் என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வந்தது. திமிங்கலம், டால்பின் பார்க்கலாம், நடுவில் ஸ்நார்கெலிங்கும் உண்டு, மதியச் சாப்பாடு சேர்த்துத் தலைக்கு 4,500 ரூபாய். 'திமிங்கலம் நிச்சயம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இன்றைக்குள் கட்டினால் 20 சதவீதம் தள்ளுபடியாம். நாங்கள் நான்கு பேர். நம்பிக் கட்டலாமா?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இன்றைக்குக் கட்டாதீர்கள் அம்மா. தள்ளுபடி போனால் போகட்டும்.

புதுச்சேரிக் கடலில் டால்பின் உண்டு. காலையில் கடல் அமைதியாக இருக்கும் நாட்களில் கூட்டமாகவே வரும், மீன்பிடிக்கப் போகிறவர்கள் அடிக்கடி பார்ப்பதுதான். அதைக் காட்டப் படகு விடுபவர்களும் இருக்கிறார்கள். திமிங்கலம் வேறு கதை. நீலத் திமிங்கலமும் விந்துத் திமிங்கலமும் ஆழ்கடலில் இரை தேடுகிறவை. இலங்கையில் மிரிசாவிலும் திருகோணமலையிலும் அவற்றைப் பார்க்கப் படகு விடுகிறார்கள் என்றால், அங்கே கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதுமே கடல் சட்டென்று ஆழமாகிவிடுகிறது. நம் பக்கம் கடலடி மெல்லச் சரிந்துதான் போகும். ஆழம் வரும் இடத்துக்குச் சின்னப் படகில் போய்த் திரும்புவதிலேயே பாதி நாள் கரைந்துவிடும். வங்கக் கடலில் திமிங்கலம் கண்ணில் படவே படாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'நிச்சயம்' என்று எழுதி விற்பது பொய் வாக்குறுதி. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதைத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றுதான் பார்க்கும். 'இன்றைக்குள் கட்டினால்' என்று இல்லாத அவசரத்தைக் காட்டி விரட்டுவதையும் 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் தடை செய்திருக்கிறது. அது இணையத்தில் விற்பவர்களுக்கும் பொருந்தும்.

அடுத்து ஸ்நார்கெலிங். மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு தண்ணீரின் மேலேயே குப்புற மிதந்தபடி கீழே பார்ப்பதுதான் அது. மேலிருந்து பார்த்தால் தெரிகிற ஆழத்தில் ஏதாவது இருக்க வேண்டும், தண்ணீரும் தெளிந்திருக்க வேண்டும். புதுச்சேரிக்கு எதிரே கடலடி பெரும்பாலும் மணல். ஸ்கூபா ஆட்களை அழைத்துப் போகும் செயற்கைப் பாறைத்திட்டு பத்துப் பாகம் ஆழத்தில், அதாவது 18 மீட்டர் அளவில் இருக்கிறது. சிலிண்டர் கட்டி இறங்குகிறவர்களுக்கு அது நல்ல இடம். மேலே மிதக்கிறவருக்குப் பச்சைத் தண்ணீர்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தென்பெண்ணையும் கெடிலமும் கொண்டுவந்து கொட்டும் வண்டல் கலங்கல் அடங்கவும் நாளாகும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பொதுவாகத் தெளிவு கூடும். அப்போதும் ஒரு நாள் போல மறுநாள் இருக்காது.

ஆகவே அந்த நிறுவனத்திடம் வாட்ஸ்அப்பிலேயே கேளுங்கள், பதிலும் எழுத்திலேயே வரட்டும். தண்ணீரில் இருக்கும் நேரம் மொத்தம் எத்தனை மணி? ஸ்நார்கெலிங் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில்? போன வாரம் தண்ணீர் எவ்வளவு தூரம் தெளிவாகத் தெரிந்தது? திமிங்கலம் வராவிட்டால் என்ன தருவீர்கள், இன்னொரு பயணமா, பாதிப் பணமா, ஒன்றும் இல்லையா? படகில் எத்தனை பேருக்கு அனுமதி, எத்தனை பேரை ஏற்றுவீர்கள்? இதற்கெல்லாம் நேராகப் பதில் சொல்கிறவர், 'திமிங்கலம் நிச்சயம் இல்லைங்க, டால்பினும் நம்ம கையில் இல்லை' என்றும் சொல்வார். அவரிடம் பணம் கட்டலாம். கேள்விக்குப் பதில் சொல்லாமல் மறுபடி மறுபடி கியூ.ஆர். கோடு படத்தையே அனுப்புகிறவரை விட்டுவிடுங்கள். பணம் நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் போக வேண்டும். யு.பி.ஐ.யில் எண்ணைப் போட்டதும் யாரோ ஒருவரின் சொந்தப் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கட்டிய பிறகு ஆள் தலைமறைவாகிவிட்டால் அது மோசடி. உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடியுங்கள்.

இன்னொன்று. 'காலை 6 முதல் மாலை 4' என்பதில் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் காத்திருப்பதும் அடங்கும். முகத்துவாரத்தில் மணல் சேர்ந்துவிட்டால் அலையும் ஏற்றமும் பார்த்துத்தான் படகு வெளியே போக முடியும். அதனால்தான் தண்ணீரில் இருக்கும் நேரத்தைத் தனியாகக் கேட்கச் சொன்னேன்.

கேள்வி: தேவனாம்பட்டினத்தில் எங்களுக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் ஃபைபர் படகு வைத்திருக்கிறார். டீசல் காசு கொடுத்தால் போதும், டால்பின் காட்டிக் கூட்டி வருகிறேன் என்கிறார். பத்துப் பேர் போகலாம் என்று இருக்கிறோம். அதில் என்ன தப்பு?
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: அந்த அண்ணனுக்குக் கடல் தெரியும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தண்ணீரைப் பார்த்தே சொல்லிவிடுவார். சிக்கல் அவரிடம் இல்லை, படகில் இருக்கிறது. அது வலைக்கும் மீனுக்கும் கட்டிய படகு, மீன்வளத் துறையில் மீன்பிடிப்புக்கென்று பதிவானது. பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இல்லை. ஏதாவது ஆகிவிட்டால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அதைத்தான். டால்பின் தெரிந்ததும் பத்துப் பேரும் செல்போனோடு ஒரே பக்கம் சாய்வீர்கள். அந்தப் பாரத்துக்குக் கணக்குப் போட்டுக் கட்டிய படகு இல்லை அது.

கேரளத்தில் தானூரில் 2023 மே 7 அன்று கவிழ்ந்த படகில் 22 பேர் இறந்தார்கள், பலர் குழந்தைகள். மீன்பிடிப் படகை மாற்றிச் சுற்றுலாப் படகாக ஓட்டியதும் அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதும் அங்கே வெளிவந்தன. உங்கள் மனதை நோகடிக்க இதை எழுதவில்லை, படகில் ஏறும் முன் நினைவில் இருக்கட்டும் என்றுதான். நடந்தால் அந்த அண்ணன் மேலும் வழக்கு வரும், அவர் பிழைப்பும் போகும். அவருக்காகவாவது வேண்டாம்.

கடல்தான் வேண்டும் என்றால் பயணிகள் உரிமம் உள்ள படகில் போங்கள். உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் படகும் பிச்சாவரமும் இருக்கின்றன.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. ஜாக்கெட்டைப் போட்டு எல்லாக் கொக்கியையும் மாட்டுங்கள். கூட வந்தவரை ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். அது உங்கள் காது வரை ஏறிவிட்டால் உங்களுக்குப் பெரிசு, தண்ணீரில் விழுந்தால் தலை உள்ளே போய் ஜாக்கெட் மட்டும் மிதக்கும். குழந்தைக்குக் குழந்தை அளவு ஜாக்கெட்டே வேண்டும், கால்களுக்கு நடுவே வரும் பட்டையோடு. உள்ளிருக்கும் நுரைப்பஞ்சு அழுத்தி அழுத்தி அப்பளமாய்த் தட்டையாகியிருந்தால் வேறு கேளுங்கள். 'ஏறுங்க, உள்ளே போய்க் கொடுக்கிறோம்' என்றால் ஏறாதீர்கள்.

கேள்வி: எனக்கு 58 வயது, நீச்சல் தெரியாது, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறேன். மகன் ஸ்நார்கெலிங் செய்து பார் என்கிறான். செய்யலாமா?
- வாசகி, லாஸ்பேட்டை

பதில்: முதலில் டாக்டரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால், ஜாக்கெட்டோடு, கூடவே தண்ணீரில் இறங்கும் வழிகாட்டியோடு செய்யலாம். எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். நீச்சல் தெரியாதவர் பக்கத்தில் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், படகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. மாஸ்க்கைப் பட்டை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் உள்ளே இழுத்துப் பாருங்கள், கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டி நின்றால் உங்கள் முகத்துக்குச் சரியானது. நெற்றி முடி உள்ளே சிக்கினால் தண்ணீர் புகும். மகனுக்கு மீசை அடர்த்தியாக இருந்தால் அவருக்கும் அதே தொல்லைதான். குமட்டல் மாத்திரை தூக்கம் வரவழைக்கும், தண்ணீரில் இறங்குவதாக இருந்தால் அதையும் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: புதுச்சேரி நிறுவனம் ஒன்றுக்கு ஆறு பேருக்கு 21,000 ரூபாய் கட்டினோம். போகிற நாளன்று துறைமுகத்தில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதால் பயணம் ரத்து. பணத்தைக் கேட்டால், 'இயற்கைக்கு நாங்கள் பொறுப்பில்லை, மூன்று மாதத்துக்குள் வேறு தேதியில் வாருங்கள்' என்கிறார்கள். தங்கை துபாயிலிருந்து வந்திருந்தாள், திரும்பிப் போய்விட்டாள். பணம் கிடைக்குமா? வழக்குப் போட்டால் புதுச்சேரிக்கு அலைய வேண்டுமா?
- வாசகர், நெய்வேலி

பதில்: எச்சரிக்கை இருந்தும் படகை எடுக்காதது சரிதான், அதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தராத சேவைக்கான பணத்தை அப்படியே வைத்துக்கொள்ள இயற்கையைக் காரணம் காட்ட முடியாது. ஒப்பந்தம் நிறைவேற்ற முடியாமல் செல்லாததாகிவிட்டால், வாங்கிய பயனைத் திருப்பித் தர வேண்டும் என்று 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 65ஆம் பிரிவு சொல்கிறது.

இனி உங்கள் ரசீதையும் பதிவு செய்தபோது வந்த செய்திகளையும் எடுத்துப் பாருங்கள். வானிலையால் ரத்தானால் தேதி மட்டும் மாற்றித் தரப்படும் என்ற விதியைப் பணம் வாங்கும் முன்பே உங்களுக்குக் காட்டினார்களா? காட்டவில்லை என்றால் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. காட்டியிருந்தால் வாதம் கொஞ்சம் கடினம், ஆனாலும் முடிந்துபோன விஷயம் இல்லை. ஒரு பக்கத்துக்கு மட்டுமே சாதகமான நிபந்தனையை நியாயமற்ற ஒப்பந்தம் என்று எதிர்க்க இடமுண்டு, ஆனால் அந்த வழக்கு மாவட்ட ஆணையத்துக்கு அல்ல, மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும். அதனால் முதலில் பேசித் தீர்க்கப் பாருங்கள். சாப்பாட்டுக்கு முன்பணம் போன்ற உண்மையான செலவுக்குக் கணக்குக் காட்டினால் அதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரச் சொல்லுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதற்கு ஒப்புக்கொள்வேன்.

மசியவில்லை என்றால், நடந்ததைத் தேதிவாரியாக எழுதி, 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்ட்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். அன்றைய எச்சரிக்கைச் செய்தி வந்த நாளிதழ் பக்கத்தையும் எடுத்து வையுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியுங்கள், தமிழிலேயே பேசலாம். பல நிறுவனங்கள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன.

வழக்கு என்று வந்தால் புதுச்சேரிக்கு அலைய வேண்டாம். புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 சட்டத்தின் 34ஆம் பிரிவு வழி செய்திருக்கிறது. நீங்கள் நெய்வேலி, ஆகவே கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். எதிர்த்தரப்பு யூனியன் பிரதேசத்தில் இருப்பது தடையே இல்லை. கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். உங்களுக்கு ரசீதே தரவில்லை என்றால் அதையும் புகாரில் சேருங்கள், பில் தர மறுப்பது தனியாக ஒரு முறையற்ற வணிக நடவடிக்கை.

ஏறும் முன் கையெழுத்து வாங்கும் 'எந்த விபத்துக்கும் நிறுவனம் பொறுப்பல்ல' படிவத்தைப் பற்றி வேறு இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று யாரும் ஒதுங்கிவிட வேண்டாம். கிழிந்த ஜாக்கெட், அளவுக்கு மீறிய ஆள், குடித்துவிட்டுப் படகோட்டியது என்று அலட்சியம் நிரூபணமானால், அந்தத் தாளை ஆணையம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போடும் முன் அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: திமிங்கலம் பார்த்தே தீர வேண்டும் என்று பிள்ளைகள் அடம். திருகோணமலை போகலாமா? இங்கே ஏஜென்ட் மூலம் போவதா, நாங்களே அங்கே போய்ப் படகு பேசுவதா?
- வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: திமிங்கலமும் ஸ்நார்கெலிங்கும் ஒரே நாளில் என்றால், எனக்குத் தெரிந்து நமக்குப் பக்கத்தில் அதுதான் சரியான இடம். மே முதல் ஆகஸ்ட் வரை கிழக்குக் கரையில் கடல் அடங்கியிருக்கும். காலையில் திமிங்கலம் தேடிவிட்டு, திரும்பும்போது நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவில் பவளப்பாறை பார்க்கலாம். அங்கே ஆழம் குறைவு, தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். டிசம்பரில் போவதாக இருந்தால் திருகோணமலை வேண்டாம், தெற்கே மிரிசா போங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கேதான் பருவம். மாதம் பாராமல் டிக்கெட் விற்கும் ஏஜென்டிடம் வாங்காதீர்கள்.

நேரில் படகு பேசினால் செலவு குறையலாம். ஆனால் தகராறு என்று வந்தால் அங்கேயே முறையிட வேண்டியதுதான், இங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது. புதுச்சேரி ஏஜென்டிடம் முழுத் தொகுப்பாக வாங்கினால் அவர் இங்கே பதில் சொல்லியாக வேண்டும். குழந்தைகளோடு போவதால் ஏஜென்ட் வழியே போகச் சொல்வேன். தொகையில் புறாத்தீவு நுழைவுக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது தேசியப் பூங்கா, வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம், பல தொகுப்புகளில் அதை விட்டுவிட்டு அங்கே போனபின் கேட்பார்கள். பயணக் காப்பீட்டில் நீர் விளையாட்டு விலக்குப் பட்டியலில் இருந்தால் அந்தப் பாலிசி உங்களுக்கு உதவாது.

படகோட்டி திமிங்கலத்தை விரட்டிக்கொண்டு போனால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது மூச்சு வாங்க மேலே வரும் நேரத்தில் நாலைந்து படகு சூழ்ந்துகொண்டால் மூச்சை முடிக்காமலே முங்கிவிடும். பவளத்தின் மேல் கால் ஊன்றாதீர்கள், துண்டு எடுத்து வராதீர்கள். நம் ஊரில் பவளப்பாறைத் துண்டு வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கிய கப்பலில் போக நினைத்தால், இறங்கிய மறுநாளுக்கே திமிங்கலப் படகைப் பதிவு செய்யாதீர்கள். கடல் சரியில்லை என்றால் கப்பல் நிற்கும், படகுக்காரர் பணத்தைத் தர மாட்டார். நடுவில் இரண்டு நாள் விடுங்கள். வெளிநாட்டுத் தொகுப்புக்கு ஏஜென்ட் டி.சி.எஸ். வரி (விற்கும்போதே உங்களிடம் வாங்கி அரசுக்குக் கட்டும் வரி) பிடித்தால் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அந்தத் தொகையைக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்பப் பெறலாம்.