பெரியவரின் சாட்சியமும் ஒரு சின்ன மாத்திரையும்

மதிப்பிற்குரிய ஐயா,

மும்பை மாட்டுங்காவில் மாதம் ஒரு ஞாயிறு கூடும் தமிழ்ப் புற்றுநோயாளிகளின் சந்திப்பை நானும் என் தோழிகள் சிலரும் நடத்தி வருகிறோம். பரேல் மருத்துவமனையில் சிகிச்சையில் இருப்பவர்கள், துணைக்கு வந்தவர்கள், சிகிச்சை முடிந்து ஆண்டுகள் பல ஆனவர்கள் எனப் பலரும் வருவார்கள். இதுவரை பெரிய சச்சரவு எதுவும் வந்ததில்லை. சென்ற கூட்டத்தில் வந்துவிட்டது.

எங்களில் மூத்தவரான ஒரு பெரியவரின் மனைவிக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு கீமோவை மறுத்துவிட்டு, திருநெல்வேலிப் பக்கத்துச் சித்த வைத்தியர் ஒருவரின் மருந்தைச் சாப்பிட்டு வந்தார். "ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒரு சின்ன மாத்திரையைத் தவிர இங்கிலீஷ் மருந்தே கிடையாது" என்று பெரியவர் அடிக்கடி சொல்வார். அந்த அம்மா இன்று நலமாக இருக்கிறார்.

சென்ற முறை தாராவியிலிருந்து முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் புதிதாக வந்திருந்தார். மார்பகத்தில் இரண்டாம் நிலைக் கட்டி. முதலில் கீமோ, பிறகு அறுவை சிகிச்சை என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பெரியவர் அவரிடம், "கீமோவில் மாட்டிக்கொள்ளாதே அம்மா, மூன்று மாதம் இந்த மருந்தைச் சாப்பிட்டுப் பார்" என்றார். சிகிச்சையைப் பாதியில் விட்ட தம்பியைப் பறிகொடுத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "நீங்கள் கொலை செய்கிறீர்கள்" என்று கத்திவிட்டார். பெரியவரின் மனைவி அழுதுகொண்டே வெளியேறினார். மாற்று மருத்துவம் பற்றி இனி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். அவரவர் உடம்பு, அவரவர் முடிவு, நாம் தலையிடக் கூடாது என்கிறார்கள் மற்றவர்கள். அந்தப் பெண் இன்னும் முடிவெடுக்கவில்லை. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செம்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

இரு தரப்பினரும் கேட்கும் இரண்டு முடிவுகளும் அந்தப் பெண்ணுக்கு உதவாது என்றே நினைக்கிறேன். பேச்சைத் தடை செய்தால் அவர் பெரியவரின் வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்வார். அவரவர் முடிவு என்று ஒதுங்கிக்கொண்டால், குணப்படுத்தக்கூடிய கட்டத்தில் இருக்கும் நோய் முற்றுவதற்கு உங்கள் சபையின் மௌனமும் துணைபோகும். அவருக்கு இப்போது தேவை தெளிவான தகவல். அது கிடைக்கும்வரை அவரோடு பொறுமையாக இருக்கும் மனிதர்கள்.

முதலில் பெரியவரின் சாட்சியத்தைப் பார்ப்போம். அவர் பொய் சொல்லவில்லை; தம் வீட்டில் நடந்ததைத்தான் சொல்கிறார். ஆனால் உங்கள் கடிதத்திலுள்ள இரண்டு விவரங்கள் அவர் சொல்வதை வேறு விதமாகக் காட்டுகின்றன. ஒன்று, அவருடைய மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. ஆரம்ப நிலையில் கண்டுபிடிக்கப்பட்ட மார்பகக் கட்டியை முழுமையாக அகற்றிவிட்டால், வேறு எதுவும் செய்யாமலேயே நோய் திரும்பாதவர்கள் பலர் இருக்கிறார்கள். எவருக்குத் திரும்பும், எவருக்குத் திரும்பாது என்பதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாததால்தான், கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாமல் தங்கிவிட்ட செல்களை அழிப்பதற்காக அறுவைக்குப் பிறகும் கீமோ தருகிறார்கள். அதை மறுத்தும் நலமாக இருப்பவரைக் காப்பாற்றியது கத்தியா சூரணமா என்று கேட்டால், கத்தி என்பதற்குத்தான் வலுவான காரணம் இருக்கிறது.

இரண்டாவது, பெரியவர் கணக்கிலேயே சேர்க்காத அந்தச் சின்ன மாத்திரை. மார்பகப் புற்றுநோயில் அறுவைக்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் தினம் ஒன்றாகக் கொடுக்கப்படும் மாத்திரை பெரும்பாலும் டமாக்சிஃபென் அல்லது லெட்ரோசோல் ஆகத்தான் இருக்கும். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை ஆதாரமாகக் கொண்டு வளரும் வகைப் புற்றுநோயில் டமாக்சிஃபெனை ஐந்து ஆண்டுகள் தவறாமல் சாப்பிட்டால், அந்த நோயால் இறப்பது பதினைந்து ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்பது பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து நிறுவப்பட்ட உண்மை. முடி கொட்டாது, ஊசி கிடையாது, விலையும் அதிகமில்லை. அதனால் அது சிகிச்சை என்றே பலருக்குத் தோன்றுவதில்லை. அந்த மாத்திரையின் பெயரைப் பெரியவரின் மனைவியிடமே கேளுங்கள். உங்கள் கடிதம் முழுவதிலும் நோயாளியான அந்த அம்மா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவருக்காகக் கணவர்தான் பேசுகிறார்.

இதே வரிசையைச் சில காலம் முன்பு நாடு முழுவதும் பார்த்தோம். 2024 நவம்பரில் முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து, தம் மனைவியின் முற்றிய புற்றுநோய் குணமானதில் வேப்பிலை, மஞ்சள், எலுமிச்சை சேர்ந்த உணவுமுறையின் பங்கைப் பெரிதாகச் சொன்னார். அவருடைய மனைவிக்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் நடந்திருந்தன. பரேலிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனையின் இந்நாள், முன்னாள் புற்றுநோய் மருத்துவர்கள் 262 பேர் கையொப்பமிட்டு, நிரூபிக்கப்படாத முறைகளை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று மக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த உணவுமுறை மருத்துவர்களின் ஆலோசனையோடுதான் பின்பற்றப்பட்டது என்று அவரும் பிறகு விளக்கினார். விளக்கத்தைப் படித்தவர்களைவிட முதல் பேச்சைக் கேட்டவர்களே அதிகம்.

தாராவிப் பெண்ணின் நிலை இதிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. அவருடைய கட்டி இன்னும் உடம்பில் இருக்கிறது. முதலில் கீமோ என்று சொன்னதும், நோய் முற்றிவிட்டது, அதனால்தான் அறுக்கத் தயங்குகிறார்கள் என்று அவர் நினைத்திருக்கக்கூடும். நம் மக்கள் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். கட்டியைச் சுருக்கிவிட்டால் மார்பகத்தை முழுவதும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்க முடியலாம் என்பதும், மருந்து வேலை செய்கிறதா என்பதைக் கட்டி இருக்கும்போதே நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் கீமோவை முன்னால் வைப்பதற்கான முக்கியமான காரணங்கள். இதை அவருக்குத் தமிழில், அவசரமில்லாமல், ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். கூட்டம் நிரம்பி வழியும் மருத்துவமனைகளில் இந்தியிலோ மராத்தியிலோ சில நிமிடங்களில் சொல்லப்பட்டது அவருக்குப் பாதிதான் எட்டியிருக்கும். பெரியவரோ அவர் ஊர்த் தமிழில், அம்மா என்று அழைத்துப் பேசினார். மருந்தின் மேல் நம்பிக்கை வருவதற்கு முன்பே பேசியவரின் மேல் வந்துவிட்டது. உங்கள் சந்திப்பு செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

மூன்று மாதம் பார்க்கலாம் என்ற யோசனைக்குத் தயக்கமில்லாமல் பதில் சொல்லுங்கள். 2018இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பரவாத நிலையிலிருந்த புற்றுநோய்க்கு மாற்று மருத்துவத்தை மட்டுமே தேர்ந்தெடுத்த 281 பேரை, வழக்கமான சிகிச்சை பெற்ற 560 பேரோடு ஒப்பிட்டு வெளியிட்டார்கள். மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்களுக்கு இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் எடுத்துக்கொண்டால் ஐந்தரை மடங்குக்கும் மேல். அதே ஆய்வாளர்கள் அதே ஆண்டில் வெளியிட்ட இன்னொரு ஆய்வு உங்கள் சச்சரவுக்கு இன்னும் நெருக்கமானது. வழக்கமான சிகிச்சையோடு வேறு மருத்துவத்தையும் சேர்த்துக்கொண்டவர்களை அதில் பார்த்தார்கள். அவர்களிலும் இறப்பின் அபாயம் இரு மடங்காக இருந்தது. காரணத்தைத் தேடியபோது, அவர்களில் 34 விழுக்காட்டினர் கீமோவை மறுத்திருந்தார்கள். மற்றவர்களில் மறுத்தவர்கள் 3 விழுக்காடுதான். சிகிச்சையின் ஏதோ ஒரு பகுதியை மறுத்ததைக் கணக்கில் எடுத்துக்கொண்டதும் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. சூரணம் உள்ளே போனதைவிட, அதன் பெயரால் கைவிடப்பட்ட சிகிச்சையே உயிரைக் குடித்தது என்றுதான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஆகவே உங்கள் சந்திப்புக்கு ஒரே ஒரு விதி போதும்: எந்த மருத்துவத்தைப் பற்றியும் பேசலாம், ஆனால் நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை நிறுத்தவோ தள்ளிப்போடவோ எவரும் எவருக்கும் சொல்லக் கூடாது. கூடவே, மருந்து விற்பவர்களுக்கும் வைத்தியரின் விலாசச் சீட்டு கொடுப்பவர்களுக்கும் அங்கே இடம் தராதீர்கள். புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது.

பேச்சையே தடை செய்வது ஏன் ஆபத்தானது என்பதற்கு நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். முலுண்டில் எங்கள் கட்டடத்தில் குடியிருந்த ஓர் அம்மையாருக்குக் கீமோ நடந்துகொண்டிருந்தபோது, ஒருநாள் காலை ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவுகள் பல மடங்கு ஏறியிருந்தன. வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்று அம்மையார் தலையை ஆட்டினார். அன்றைய கீமோவைத் தள்ளிவைத்தார்கள். அடுத்த வாரமும் அளவுகள் இறங்கவில்லை. மருத்துவர் மறுபடி கேட்டபோது, அம்மையார் பதில் சொல்வதற்குள் அவருடைய மகள் பையைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து மேசையின் மேல் வைத்தாள். ஊரிலிருந்து நாகர்கோவில் ரயிலில் உறவினர் மூலம் வந்த பழுப்பு நிறச் சூரணம், பாதி காலியாகியிருந்தது. அந்த மருத்துவர் திட்டவில்லை. கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்த பெயரைப் படிக்கச் சொல்லி ஃபைலில் குறித்துக்கொண்டு, கீமோ முடியும்வரை இது வேண்டாம் என்று மட்டும் சொன்னார். சில வாரங்களில் அளவுகள் இறங்கி, கீமோ தொடர்ந்தது. ஏன் மறைத்தீர்கள் என்று பிறகு நான் கேட்டதற்கு, "டாக்டர் கோபித்துக்கொள்வார், நம்மவர்களும் பட்டிக்காடு என்பார்கள்" என்றார்.

உங்கள் சபையிலும் இப்படிப் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் இருப்பார்கள். சமையலில் போடும் மஞ்சளைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளாலும் அஸ்வகந்தாவாலும் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பாதரசம் சேரும் மெழுகு, செந்தூரம் போன்ற சித்த மருந்துகளைப் பற்றி மருத்துவரிடம் சொல்லாமல் இருப்பது இன்னும் மோசம். கீமோவுக்குப் பின் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் வெளியே வாங்கும் பச்சைச் சாறுகள்கூட நோய்த்தொற்றைக் கொண்டுவரலாம். இவற்றையெல்லாம் வெளிப்படையாகப் பேசும் இடமாக உங்கள் சந்திப்பு இருந்தால்தான் பாட்டில் மேசைக்கு வரும்.

பெரியவரிடம் பேசும்போது சித்த மருத்துவத்தை இழிவாகப் பேசாதீர்கள். அது நியாயமும் அல்ல, பயனும் தராது. நம் வீட்டு முற்றங்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுத்த வின்கிரிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முதல் வரிசை மருந்து. சீனாவில் ஹார்பின் நகரத்து மருத்துவர்கள் 1970களில் நாட்டு வைத்தியர் ஒருவரின் பாஷாணக் கலவையைச் சோதித்து, அதிலிருந்த ஆர்சனிக் ஒரு குறிப்பிட்ட ரத்தப் புற்றுநோய்க்கு வேலை செய்வதைக் கண்டார்கள். இன்று உலகம் முழுவதும் அந்த நோய்க்கு அது வழக்கமான சிகிச்சையின் பகுதி. எந்த நோய்க்கு, எந்த அளவில், எத்தனை பேருக்குப் பயன்பட்டது, எத்தனை பேருக்குத் தீங்கு செய்தது என்று எண்ணிப் பார்த்த பிறகே அந்த மரியாதை அதற்குக் கிடைத்தது. திருநெல்வேலி வைத்தியரின் மருந்தைச் சாப்பிட்டும் பிழைக்காதவர்கள் உங்கள் கூட்டத்துக்கு வந்து பேசப்போவதில்லை என்பதைப் பெரியவர் யோசித்துப் பார்த்தால், தம் சாட்சியத்தின் எல்லை அவருக்கே தெரியும்.

கத்திய உறுப்பினரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் பக்கம் உண்மை இருக்கிறது, ஆறாத துக்கமும் இருக்கிறது. ஆனாலும் கொலை என்ற சொல்லைக் கேட்ட அந்தப் பெண், நாளை சூரணத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மறுபடி உங்கள் வாசலை மிதிக்கமாட்டார் என்பதே எனக்குப் பெரிய கவலை. சிகிச்சையை விட்டுப் போனவர்களில் பலர் சில மாதங்களில் தவறை உணர்ந்துவிடுகிறார்கள். திரும்பி வர வெட்கப்பட்டுத்தான் மேலும் சில மாதங்களை இழக்கிறார்கள். கட்டி பெரிதான பிறகு வந்தாலும், ஏன் போனாய் என்று கேட்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப்போக ஒருவர் இருக்கிறார் என்பதை அவர் இப்போதே அறிந்திருக்க வேண்டும். நாம் சொன்னதைக் கேட்டால்தான் துணை என்பது நோயாளியிடம் பேசும் பேச்சல்ல.

குணப்படுத்தும் சிகிச்சை முடிந்துபோனவர்களிடம் இந்த வாதங்களுக்கு வேலையே இல்லை. அவர்கள் ஒரு கஷாயத்தில் நிம்மதி காண்கிறார்கள் என்றால், அது வலியைக் கூட்டாத வரையில், குடும்பத்தின் சேமிப்பைக் கரைக்காத வரையில், யாரும் குறுக்கே நிற்க வேண்டாம். கஷாயத்தை நம்பி, வலியைக் குறைக்கும் மார்ஃபின் மாத்திரையை மறுத்து வலியில் துடிக்கிறார்கள் என்றால் மட்டும் தலையிடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்று. அந்தப் பெண்ணை அடுத்த கூட்டம்வரை காத்திருக்க விடாதீர்கள். மார்பகச் சிகிச்சை முடித்த ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள்; பெரியவரின் மனைவியே வரச் சம்மதித்தால் மிகவும் நல்லது. மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றைத் தமிழில் எழுதிக் கொடுத்து, அடுத்த சந்திப்பு நாளில் மொழி தெரிந்த ஒருவர் அவரோடு செல்லட்டும். என் கட்டி எந்த வகை, ஹார்மோன் மாத்திரை எனக்கும் பயன்படுமா, கீமோவை முதலில் ஏன் தருகிறீர்கள், எனக்கு இனிமேல் குழந்தை வேண்டுமென்றால் கீமோவுக்கு முன்பே கருமுட்டையைப் பாதுகாக்க முடியுமா, அரசுக் காப்பீட்டில் எது எது அடங்கும், இரவில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் எங்கே வர வேண்டும், சாப்பாட்டில் எதைத் தவிர்க்க வேண்டும் என்று எழுதுங்கள். பெரியவர் கொடுத்த மருந்தை அவர் ஏற்கனவே சாப்பிடத் தொடங்கியிருந்தால், அதன் பெயரையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்.