பேயீஸ் முறையில் வரும் 95% இடைவெளியை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி இரண்டு பகுதி: பேயீஸ் முறையின் (முன்பே வைத்த கணிப்பைத் தரவைக் கொண்டு திருத்தும் புள்ளியியல் முறை) 95% இடைவெளியும் பாடப்புத்தகத்தில் வரும் நம்பிக்கை இடைவெளியும் ஒன்றா? நிச்சயமின்மையைச் சொல்ல அந்த இடைவெளி மட்டும் போதுமா?

ஒன்றல்ல. 1937-இல் புள்ளியியலாளர் நெய்மன் வகுத்த நம்பிக்கை இடைவெளியில் 95% என்பது செய்முறைக்கு உரிய எண். அதே ஆய்வைத் திரும்பத் திரும்பச் செய்தால், கிடைக்கும் இடைவெளிகளில் நூற்றுக்கு 95 உண்மை மதிப்பைப் பிடித்திருக்கும். கையில் உள்ள இந்த ஓர் இடைவெளிக்கு அது நிகழ்தகவு தராது. பேயீஸ் முறை தரும். ஆனால் எடுத்துக்கொண்ட முன்நிகழ்தகவும் (தரவைப் பார்க்கும் முன் வைத்த கணிப்பு) மாதிரியும் (தரவு எப்படி உருவாகிறது என்ற எடுகோள்) சரியாக இருந்தால்தான்.

இரண்டாவது கேள்விக்கு, போதாது என்பதே என் பதில். ஒரு கருவியை 20 முறை சோதித்தோம், ஒருமுறைகூடப் பழுதாகவில்லை என்று வையுங்கள். பழுது விகிதம் 0 முதல் 1 வரை எதுவாகவும் சம வாய்ப்போடு இருக்கலாம் என்று தொடங்கினால், பின்நிகழ்தகவு (தரவைப் பார்த்த பின் வரும் கணிப்பு) பீட்டா(1, 21) என்ற பரவல். இரு முனையிலும் 2.5% வெட்டினால் இடைவெளி 0.12% முதல் 16.1% வரை. அடர்த்தி உச்சத்தில் இருப்பதோ பூஜ்ஜியத்தில். அதையே இது வெளியே தள்ளிவிடுகிறது! அடர்த்தி மிகுந்த பகுதியாக எடுத்தால் 0 முதல் 13.3%. இரண்டுமே 95% இடைவெளிதான். அதனால் முடிந்தபோதெல்லாம் முழு வளைகோட்டையும் வரைந்து காட்டுங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் மாதிரியில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ், வானியலாளர் புவாரின் கணக்குகளைக் கொண்டு, சனியின் நிறை சூரியனுடையதில் 3512-இல் ஒரு பங்கு என்றார். பிழை நூற்றில் ஒரு பங்கைத் தாண்டாது என்பதற்கு 11,000-க்கு 1 என்று பந்தயம் கட்டலாம் என்றார். இன்றைய மதிப்பு ஏறக்குறைய 3498. அவர் சொன்னது நின்றது. வியாழனுக்கு 1071-இல் ஒரு பங்கு, பந்தயம் பத்து லட்சத்துக்கு 1. உண்மையில் அது சுமார் 1047. பிழை இரண்டு சதவீதத்துக்கும் மேல்! அதிக உறுதியோடு சொன்னதுதான் தவறிப்போனது. எடுகோளே பிசகும் வாய்ப்பு அந்தப் பத்து லட்சத்துக்குள் அடங்கவில்லை.

ஆகவே இடைவெளியோடு முன்நிகழ்தகவையும் மாதிரியையும் எழுதுங்கள். வேறொரு முன்நிகழ்தகவில் என்ன வருகிறது என்பதையும் சேருங்கள். மேலே சொன்ன சோதனையிலேயே ஜெஃப்ரீஸ் முன்நிகழ்தகவை (0, 1 ஆகிய முனைகளுக்கு அருகே அதிக எடை தருவது) எடுத்தால் 13.3% என்ற மேல் எல்லை சுமார் 9% ஆகிவிடும். இருபதே சோதனைகளில் ஏதோ ஒன்றை மட்டும் தேர்ந்து தருவது சரியல்ல. நான் இரண்டையும் அருகருகே தருவேன்.