உயரம் கூட்டும் பொடி: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: டிவி விளம்பரத்தில் ‘மூன்றே மாதத்தில் மூன்று அங்குலம் வளரலாம்’ என்று ஒரு ஆயுர்வேத மருந்துப் பொடியைக் காட்டினார்கள். 17 வயது மகனுக்காக 7,500 ரூபாய்க்கு மூன்று டப்பா வாங்கினேன். கதவு நிலையில் பென்சிலால் போட்ட கோடு அப்படியே இருக்கிறது. போன் செய்தால், ‘இன்னும் மூன்று மாதம் கொடுங்கம்மா’ என்கிறார்கள். கம்பெனி டெல்லியில். விளம்பரத்தில் வந்த நடிகர் மீதும் வழக்குப் போடலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில், அடுத்த மூன்று டப்பாவை வாங்கிவிடாதீர்கள்.

உயரத்தைக் கூட்டும் என்று மருந்தை விளம்பரம் செய்யவே கூடாது. 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சர்க்கரை நோய், உடல் பருமன் போன்றவற்றோடு உயரத்தையும் அந்தத் தடைப் பட்டியலில் வைத்திருக்கிறது. உங்கள் பையன் வளர்ந்திருந்தாலும் அந்த விளம்பரம் தப்புதான்.

பணம் திரும்ப வேண்டுமென்றால் டெல்லிக்கு அலைய வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை, என் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். அதற்கு முன் பணத்தைக் கேட்டு ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள்.

பலர் கோட்டை விடுவது ஆதாரத்தில்தான். கூரியர் கவரைக் குப்பையில் போட்டுவிட்டு வருவார்கள். கம்பெனியின் சரியான முகவரி அதில்தான் இருந்திருக்கும். டப்பா, பில், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். விளம்பரம் மறுபடி வந்தால் சேனல் பெயரும் நேரமும் தெரிய போனில் பிடியுங்கள். திரையின் அடியில் ‘பலன் ஆளுக்கு ஆள் மாறுபடும்’ என்று பொடி எழுத்தில் ஆங்கிலம் ஓடுகிறதா என்றும் பாருங்கள். தமிழில் வாக்குறுதி கொடுத்தால் அந்த எச்சரிக்கையும் தமிழில் இருக்க வேண்டும் என்கின்றன 2022 விதிமுறைகள்.

நடிகரா? சேர்க்கலாம். 2021இல் திருச்சூர் நுகர்வோர் மன்றம், கூந்தல் கிரீம் ஒன்றுக்கு நடித்த நடிகருக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. அந்த கிரீமை அவர் பயன்படுத்தியதே இல்லையாம்! ஆனால் 7,500 ரூபாய்க்காக அவரைத் தேடி நோட்டீஸை அவர் கையில் சேர்ப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். கம்பெனியை மட்டும் பிடியுங்கள் என்பேன்.

விளம்பரத்தை நிறுத்த வேண்டுமென்றால் அது தனி வழி. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து புகாரைப் பதியலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் வரை அபராதம் போடலாம். அதில் உங்களுக்கு ஒரு பைசாவும் வராது.

அப்புறம், கதவு நிலைக் கோட்டையும் படம் எடுத்து வையுங்கள். பள்ளியில் உயரம் அளந்த பதிவேடு இருந்தால் அதன் நகலையும் வாங்குங்கள்.