போன வழியே திரும்பாதீர்கள்: தூத்துக்குடி, திருச்செந்தூருக்கு மூன்று நாள்

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “பிப்ரவரி கடைசியில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் சொந்தக் காரில் வருகிறோம். அப்பாவுக்கு 74 வயது, அம்மாவுக்கு முழங்கால் வலி. பையனுக்கு 12, பெண்ணுக்கு 8. திருச்செந்தூரில் ஒரு நேர்த்திக்கடன் இருக்கிறது. மீதி நேரத்தைத் தூத்துக்குடியில் கழிக்கலாமா? அங்கே பார்க்க ஒன்றுமில்லை, நேராகக் கன்னியாகுமரி போய்விடுங்கள் என்கிறார்கள். தீவுக்குப் படகு உண்டா? முத்து எங்கே வாங்கலாம்?”

கடைசி இரண்டு கேள்விகளுக்கும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஏமாற்றம் முன்னாடியே முடிந்துவிடும்.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே 21 தீவுகள் சங்கிலி போலக் கிடக்கின்றன. 1986 முதல் அது கடல்சார் தேசியப் பூங்கா. தூத்துக்குடிப் பக்கத்துத் தீவுகளில் சுற்றுலாப் பயணிகள் இறங்கக் கூடாது. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் இரண்டு தீவுகள் நீருக்குள் போயே போய்விட்டன. அதனால் யாராவது மீன்பிடிப் படகில் கூட்டிப் போகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முயல் தீவு என்று ஒன்று கேள்விப்பட்டிருப்பீர்கள். துறைமுகம் கட்டும்போதே அது கரையோடு சேர்ந்துவிட்டது, காரிலேயே போகலாம்.

முத்து விஷயம் இன்னும் சுருக்கம். அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. ‘முத்துநகர்’ என்ற பெயர் மட்டும் ரயிலிலும் கடைப் பலகையிலும் மிச்சம் இருக்கிறது. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் வேறெங்கோ நன்னீரில் வளர்த்த முத்து. அழகாக இருந்தால் வாங்குங்கள், தூத்துக்குடிக் கடல் முத்து என்று சொன்னால் விலை கொடுக்காதீர்கள்.

சரி, ஊரில் ஒன்றுமே இல்லையா? டிக்கெட் வாங்கி உள்ளே போய்ப் பார்க்கும் இடங்கள் குறைவு, அது உண்மைதான். இங்கே பார்க்க வேண்டியதெல்லாம் மனிதர்கள் வேலை செய்யும் இடங்கள்: உப்பளம், மீன் இறங்குதளம், பனங்காடு. அதற்கெல்லாம் நேரம் காலம் உண்டு. தவறான நேரத்தில் போனால் வெறும் வெயில்தான். ஒரே விடுதியில் மூன்று நாளும் தங்கிக்கொண்டு திசைக்கொரு நாளாக ஓடுவதும் சரிப்படாது. வரும்போது ஒரு வழி, போகும்போது வேறு வழி என்று வட்டமாக வாருங்கள். முதல் இரவு தூத்துக்குடி, இரண்டாம் இரவு திருச்செந்தூர். அம்மாவின் முழங்காலுக்கும் அதுதான் நல்லது.

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் கிளம்பினால் மதுரை, அருப்புக்கோட்டை தாண்டி மதியத்துக்குள் எட்டயபுரம் வந்துவிடலாம். நான்கு வழிச் சாலைதான். பாரதி பிறந்த வீடு ஊருக்குள் இருக்கிறது, அரை மணி நேரம் போதும். சரித்திரத்தில் பையனுக்கு ஆர்வம் உண்டென்றால் குறுக்குச்சாலையில் திரும்பி ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த வீட்டையும் பாஞ்சாலங்குறிச்சியையும் எட்டிப் பார்க்கலாம். பாஞ்சாலங்குறிச்சியில் இப்போது நிற்பது 1974-இல் அரசு கட்டிய நினைவுக்கோட்டை. கட்டபொம்மனின் கோட்டையை வெள்ளைக்காரன் தரைமட்டமாக்கிவிட்டான். இதைக் குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கடற்கரைச் சாலைக்கு வாருங்கள். பனிமய மாதா பேராலயம் அங்கேதான். இப்போதுள்ள கட்டடம் 1713-இல் எழும்பியது, 1982-இல் பசிலிக்கா ஆனது. இந்தக் கரையின் பரதவர்கள் 1530-களில் போர்ச்சுக்கீசியரோடு சேர்ந்து கிறிஸ்தவம் தழுவியவர்கள். மாதாவை அவர்கள் கூப்பிடுவதே ‘ஏழு கடல் துறைக்கும் ஏக அடைக்கல மாதா’ என்றுதான். ஜூலை 26-இல் கொடி ஏறி ஆகஸ்ட் 5 வரை நடக்கும் திருவிழா சமயத்தில் வந்தால் நிற்கக்கூட இடம் இருக்காது. நீங்கள் வரும் பிப்ரவரியில் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டு வரலாம். பக்கத்துத் தெருக்களிலேயே சங்கரராமேசுவரர் கோவிலும் இருக்கிறது, அப்பா அம்மாவுக்கு அது.

இரவில் ஒரு காட்சி இருக்கிறது, சுற்றுலாக் கையேடுகளில் அவ்வளவாக வராது. தூத்துக்குடி விசைப்படகுகள் கடலில் தங்கி மீன் பிடிப்பதில்லை. விடியற்காலை 5 மணி வாக்கில் கிளம்பி இரவு 9 மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது கட்டுப்பாடு. அதனால் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் இரவில்தான் சூடுபிடிக்கும். தரை முழுக்க ஐஸ் தண்ணீர், விளக்கு வெளிச்சத்தில் மீன் குவியல், ஏலம் கூறுபவரின் வாய் மட்டும் ஓயாது. பழைய செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், யார் வழியிலும் நிற்காதீர்கள். பெரியவர்களை விடுதியில் விட்டுவிட்டுப் பிள்ளைகளை மட்டும் கூட்டிப் போவது உத்தமம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அப்போது வருபவர்களுக்கு இது கிடையாது.

அங்கிருந்து சாப்பாட்டுக்கு ‘நைட் கிளப்’ போகலாம். பதறாதீர்கள். தூத்துக்குடியில் ராத்திரி பரோட்டாக் கடைக்கு அதுதான் பெயர். எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்த சின்னப் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னா ஊற்றி, ஊறுவதற்குள் சாப்பிட வேண்டும். வயிறு கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். மறுநாள் சீக்கிரம் எழ வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு எண்ணிச் சாப்பிடுங்கள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே அறையைக் காலி செய்துவிட்டுத் திருச்செந்தூர் சாலையைப் பிடியுங்கள். முள்ளக்காடு தாண்டியதும் சாலையோரம் உப்பளங்கள் தொடங்கும். நாட்டில் குஜராத்துக்கு அடுத்தபடியாக அதிகம் உப்பு விளைவது இங்கேதான். மழைக்காலம் முடிந்து பாத்தி திருத்தி, மாசி வாக்கில் புது உப்பு எடுக்க ஆரம்பிப்பார்கள். மழை தள்ளிப்போன வருஷம் உப்பும் தள்ளிப்போகும். உங்கள் அதிர்ஷ்டம் எப்படியோ.

ஒரு பாத்தி அருகே நின்று கொஞ்ச நேரம் குனிந்து பாருங்கள். காற்றே இல்லாத காலையில் தண்ணீர் மேல் பால் ஆடை மாதிரி மெல்லிசாக ஒன்று மிதக்கும். விரலால் தொட்டால் உடைந்து கீழே இறங்கிவிடும். அதுதான் உப்பு பிறக்கும் கட்டம். அடியில் படிந்ததை நீளக் கைப்பிடி வைத்த மரப்பலகையால் வரப்புக்கு இழுப்பார்கள். அதைக் கூடையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவது பெரும்பாலும் பெண்கள். வெயிலுக்கு முன் முடிக்க வேண்டும் என்று விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். ஒன்பது மணிக்கு மேல் வெள்ளைத் தரையில் வெயில் எதிரடித்துக் கண் கூசும், நமக்கே பத்து நிமிஷம் தாங்காது. அளத்துக்குள் இறங்கும் முன் அங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். முகத்துக்கு நேரே செல்போனை நீட்டாமல் இருந்தால் அவர்களே கூப்பிட்டுக் காட்டுவார்கள்.

அப்புறம் பழையகாயல், ஆத்தூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் வழியாகத் திருச்செந்தூர். நாற்பது கிலோமீட்டர்தான். ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு உண்டு, தாத்தாவுக்கு ஒரு கவுளி வாங்கிக் கொடுங்கள். அறை போட்டுச் சாப்பிட்டு, மூன்றரை மணி வரை எல்லோரும் தூங்கட்டும். சனிக்கிழமை பகலில் கோவிலுக்குள் நுழைய நினைக்காதீர்கள். வரிசையைப் பார்த்தாலே அம்மாவுக்குக் கால் வலி வந்துவிடும்.

நாலு மணிக்குத் தெற்கே மணப்பாடு கிளம்புங்கள். 20 கிலோமீட்டருக்குள்தான். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்மேட்டின் உச்சியில் திருச்சிலுவை ஆலயம் இருக்கிறது, தொடக்கம் 1581. பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் இந்தக் கரைக்கு வந்தபோது தங்கிய குகை மேட்டின் கடலோரச் சரிவில் இருக்கிறது. உள்ளே ஒரு கிணறு, தண்ணீர் உப்புக் கரிக்காது. மேலே நின்று வடக்கே பார்த்தால் பிறை மாதிரி வளைந்த கரையும் வரிசையாகப் படகுகளும் தெரியும். இந்தப் பயணத்தில் ஒரே ஒரு இடம்தான் சொல்ல வேண்டுமென்றால் நான் மணப்பாட்டைச் சொல்வேன்.

வழியில் வருவது குலசேகரன்பட்டினம். தசராவுக்கு ஊரே வேஷம் கட்டும் முத்தாரம்மன் கோவில் அங்கே. இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியதும் அங்கேதான். பையன் கேட்டால் இடத்தைக் காட்டலாம். தேரிக்காடு பார்க்க ஆசையென்றால் மணப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்ப வேண்டும். செக்கச்செவேலென்ற மணல்மேடுகள், நடுவே பனை, முந்திரி. மதியம் போனால் மணல் காலைச் சுட்டுவிடும். கார் டயர் மணலில் இறங்காத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

உடன்குடிக் கருப்பட்டிக்கும் ஒரு வார்த்தை. ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே சீனி மாதிரி மினுமினுத்தால் அது சர்க்கரை கலந்தது. விலை ரொம்பக் குறைவாக இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு நடை திறக்கும்போதே கோவிலில் இருங்கள். இதற்காகத்தான் இரண்டாம் இரவைத் திருச்செந்தூரில் வைத்தேன். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடக்க வேண்டியிருக்கும். முதியோர் வரிசை, சக்கர நாற்காலி பற்றி முந்தின நாளே கோவில் அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், பையனிடம் சொல்லிவையுங்கள். பன்னீர் இலையில் மடித்துத் தரும் விபூதியை மறக்காமல் வாங்குங்கள். நாழிக்கிணற்றுக்குப் படி இறங்க வேண்டும், அம்மாவுக்கு வேண்டாம். தேதி முடிவு செய்யும் முன் பஞ்சாங்கம் பாருங்கள். மாசித் திருவிழாவோ பௌர்ணமியோ அந்த வாரத்தில் வந்தால் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். பௌர்ணமி இரவில் இப்போதெல்லாம் கடற்கரையில் கால் வைக்க இடம் இருப்பதில்லை.

எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுத் திருநெல்வேலிச் சாலையில் திரும்புங்கள். தாமிரபரணி ஓரமாக வரும் சாலை, இருபுறமும் வாழையும் நெல்லும். நவதிருப்பதி எனும் ஒன்பது பெருமாள் கோவில்களும் இந்த ஆற்றங்கரையில்தான். ஒன்பதையும் ஒரே நாளில் பார்க்கும் ஆசை வேண்டாம். ஒரு முறை உறவினர்களைக் கூட்டிக்கொண்டு பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தேன். நாலாவது கோவில் வாசலுக்குப் போகும்போது பட்டர் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். சாயங்காலம் நடை திறக்கும் வரை ஒரு திண்ணையில் ஏழு பேரும் உட்கார்ந்திருந்தோம், குடிக்கத் தண்ணீர்கூடத் தீர்ந்துவிட்டது.

ஆழ்வார்திருநகரி ஒன்று போதும். நம்மாழ்வார் அவதரித்த ஊர். பொந்துக்குள் அவர் யோகத்தில் இருந்ததாகச் சொல்லும் புளியமரம் இன்றும் கோவிலுக்குள் நிற்கிறது. இரவில் இலை மூடாது என்பதால் உறங்காப்புளி என்பார்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஆதிச்சநல்லூர், பழங்கால இடுகாடு. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த பொருட்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. ஆனால் 2023-இல் திறந்த களக் காட்சியகத்தில் முதுமக்கள் தாழிகளைக் கிடந்த இடத்திலேயே விட்டு மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். கண்ணாடி மேல் நின்று கீழே பார்க்கலாம். எட்டு வயதுப் பெண் பயப்படுவாளா என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். ஓடிப் போய் நடுவில் நிற்கும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன், ஓரத்திலேயே நின்றுவிட்ட பெரியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மதியம் பாளையங்கோட்டையில் சாப்பிட்டு, கயத்தாறு, கோவில்பட்டி வழியாக மதுரையைப் பிடித்தால் ராத்திரி கோவை. கோவில்பட்டியிலிருந்து 20 கிலோமீட்டர் சொச்சத்தில்தான் கழுகுமலை, அங்கே வெட்டுவான் கோவில். 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தில் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்து, அடிப்பகுதி முடியாமல் நின்றுபோன கோவில். பார்க்க வேண்டியதுதான், ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் திணிக்காதீர்கள். பாறை ஏற வேண்டும், அம்மா கீழேயே இருந்துவிட வேண்டியிருக்கும், நீங்களும் இருட்டில் வண்டி ஓட்ட வேண்டியிருக்கும். அடுத்த முறைக்கு வையுங்கள்.

கன்னியாகுமரியும் அப்படித்தான். அதற்கு இன்னொரு நாள் வேண்டும்.

மக்ரூன் கேட்க மறந்துவிட்டீர்கள், பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். சனிக்கிழமை காலை கடை திறக்கும் முன்பே நீங்கள் கிளம்பிவிடுவீர்கள், அதனால் வெள்ளிக்கிழமை இரவே வாங்கிவிடுங்கள். முந்திரி, சீனி, முட்டை வெள்ளைக்கரு, அவ்வளவுதான், மைதா கிடையாது. வீட்டில் யாராவது முட்டை சாப்பிடாதவர்கள் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பார்த்தால் தெரியாது. கடற்காற்று பட்டால் ஒரு மணி நேரத்தில் பிசுபிசுத்துவிடும். வரும்போதே ஒரு இறுக்கமான டப்பா எடுத்து வாருங்கள்.